அதற்கு முன் என்ன தடவினீர்கள்?

தோலைப் பார்த்துப் பிழைத்தவன் நான். மருத்துவன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம், மருந்து கலக்குகிறவன். 1981-இல் தான்சானியாவின் மோஷி நகரத்தில் ஒரு சிறிய மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. பெட்டியைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குத் திரும்பியபோது அறுபத்தைந்து. இடைப்பட்ட காலத்தில் சேர்த்த சொத்து என்னவென்று கேட்டால் ஒரு கேள்வியைத்தான் சொல்வேன். சுவாஹிலியில் அது இரண்டே சொல்: உமேபாக்கா நினி? என்ன தடவினீர்கள்? கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நாள் ஆயிற்று. அதைக் கேட்கும்போது குரலில் கடுப்பு ஏறாமல் இருக்கக் கற்றுக்கொள்ளப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தப் பத்து ஆண்டுகளை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்றுதான், பிள்ளைகளே, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் போனது அந்த நாட்டுக்குக் கெட்ட காலம். உகாண்டாவோடு நடந்த போர் முடிந்து கஜானா காலியாகியிருந்தது. சர்க்கரைக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, குளிக்கிற சோப்புக்கும் வரிசை. சோப்பு இல்லாத ஊருக்கு முதலில் வந்து சேர்வது சொறிசிரங்கு. ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அதன் விரல் இடுக்கைப் பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்போம். எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேருக்கும் கந்தகக் களிம்பு. கண்ணாடிப் பலகையின் மேல் வாசலினைப் பரப்பி, கந்தகத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தட்டைக் கத்தியால் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உரசினால் மணல் தட்டக் கூடாது. தட்டினால் மறுபடியும் தேய்க்க வேண்டும். படர்தாமரைக்கு பென்சாயிக் அமிலம் ஆறு பங்கு, சாலிசிலிக் அமிலம் மூன்று பங்கு. அந்தக் களிம்புக்கு விட்ஃபீல்டு என்று பெயர். இன்றும் ஏழை நாடுகளின் அலமாரியில் அது இருக்கிறது. கை வலித்த பிறகு தேய்க்கிற கடைசி ஐந்து நிமிடத்தில்தான் களிம்பு களிம்பாகிறது என்று என் மேலாளர் சொல்வார். அப்போது எரிச்சலாக இருந்தது. பின்னால் பல காரியங்களில் அவர் சொன்னதே சரியாக வந்தது.

என் கண்ணைத் திறந்துவிட்டவர் மருந்தகத்துக்குப் பக்கத்து அறையில் இருந்த ஒரு வயதான உதவி மருத்துவர். ஒரு பையனின் தொடையில் வலி. புண் இல்லை, சிவப்பும் இல்லை. ஆகவே சீழ் வைக்கவில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நான் படித்த புத்தகங்களில் அழற்சி என்றால் சிவப்பு. படங்களில் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரர் தோல். என் தோலே கறுப்பு. ஆனாலும் கறுப்புத் தோலில் சிவப்பு எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பையனை சன்னலோரம் நிறுத்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பினார். விரல்களின் புறத்தை அந்த இடத்தில் வைத்தார். என் கையையும் இழுத்து வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது. இப்போது பார் என்றார். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மங்கல், மினுமினுக்கிற விளிம்போடு. அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.

பல ஆண்டுகள் கழித்து புத்தகங்களின் இந்தக் குறையை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர் ஒரு மாணவர். ஜிம்பாப்வேயில் பிறந்த மலோன் முக்வெண்டே, லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, இது கறுப்புத் தோலில் எப்படித் தெரியும் என்று கேட்கத் தொடங்கினார். 2020-இல் தம் ஆசிரியர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு கையேடே கொண்டுவந்துவிட்டார். தோல் நிறத்தை வகைப்படுத்த மருத்துவர்கள் கையாளும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் 1975-இல் உருவானபோது வெள்ளைத் தோலுக்கு மட்டுமே இருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கான படிகள் பின்னால் சேர்ந்தவை. பெரியவர்கள் கேட்க மறந்த கேள்வியை ஒரு மாணவன் கேட்டான் என்பதில் எனக்கு வெட்கமும் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

சக்கா இனத்துக் கிழவி ஒருத்தி, கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் இருந்து பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொதிக்கிற வாழைக்காய்க் கஞ்சி கையில் கொட்டிவிட்டது. முழங்கை வரை பச்சையும் சாம்பலுமாக ஏதோ அப்பியிருந்தது. 'உமேபாக்கா நினி?' என்று கேட்டேன். சொல் அதுதான், குரல் வேறு. கிழவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் விடவில்லை. இலையும் சாம்பலும் போட்டுப் பிள்ளையின் கையைக் கெடுத்துவிட்டாய் என்று வரிசையில் நின்ற இருபது பேர் கேட்கக் கத்தினேன். கழுவிக் கட்டுப் போட்டு, மூன்றாம் நாள் வரச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் வரவில்லை. ஏழாம் நாளும் வரவில்லை.

கட்டை அவிழ்க்க ஆள் இல்லாமல் அந்தக் கை என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன். எங்கள் மருந்தகத்தில் துப்புரவு செய்த அம்மாள் வழியில் வேலியிலிருந்து ஒரு நீண்ட இலையை ஒடித்துக் கையில் கொடுத்தாள். மசாலே என்பார்கள். சக்கா மக்களிடம் அது மன்னிப்புக் கேட்கிற இலை. பகையாளி வீட்டு வாசலில் அதை ஏந்தி நின்றால் உள்ளே இருப்பவர் மறுக்கக் கூடாது என்பது வழக்கம். முப்பத்தாறு வயது ஆண்மகன், இந்தியாவிலிருந்து வந்த படித்தவன், ஒரு இலையை நீட்டிக்கொண்டு வாழைத்தோப்புக்குள் நின்றேன். கிழவி வெளியே வந்து இலையை வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பையனைக் கூட்டி வந்து என் முன்னால் உட்கார வைத்தாள். கட்டு புண்ணோடு ஒட்டிக் காய்ந்து, நாற்றம் எடுத்திருந்தது. உப்பு நீர் விட்டு ஊறவைத்து அவிழ்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கை பிழைத்தது; சுண்டுவிரல் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டது. அந்த விரலைக் கெடுத்தது இலையும் சாம்பலுமா, என் நாக்கா என்று என்னைக் கேட்டால், நாக்கு என்றுதான் சொல்வேன்.

சுவாஹிலியில் 'போலே' என்று ஒரு சொல் உண்டு. இடறி விழுந்தவனைப் பார்த்தாலும், நோயாளியைப் பார்த்தாலும், சுமை தூக்கி வருகிறவனைப் பார்த்தாலும் போலே என்பார்கள். உன் துன்பம் எனக்கும் தெரிகிறது என்று பொருள். அதையே இரண்டு முறை சொன்னால் 'மெதுவாக' என்று ஆகிவிடும். பரிவுக்கும் நிதானத்துக்கும் ஒரே வேர் வைத்த அந்த மொழிக்கு நான் கடன்பட்டவன்.

அதற்குப் பிறகு நாட்டு வைத்தியர் ஒருவரோடு பழக்கம் வைத்துக்கொண்டேன். ம்கங்கா என்பார்கள். தான்சானியாவில் மரபு மருத்துவத்தை ஆராய தார் எஸ் சலாமில் 1974-லேயே ஒரு பிரிவைத் தொடங்கிவிட்டார்கள். 2002-இல் அதற்கென்று சட்டமும் வந்தது. ஆனால் எந்தச் சட்டமும் ஒரு மருந்தாளுநனையும் ஒரு ம்கங்காவையும் ஒரே பலகையில் உட்கார வைத்துவிடாது. அவர் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். அங்கே அதற்கு முவாரொபைனி என்று பெயர். நாற்பதின் மரம், நாற்பது நோய் தீர்க்கும் என்று நம்பிக்கை. இந்தியாவிலிருந்து போன மரம். அதன் நிழலில் இருக்கும்போது எனக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். நாற்பதில் எத்தனை உண்மை என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டேன். நீ விற்கிற மாத்திரைகளில் எத்தனை உண்மையோ அத்தனை என்றார்.

அவரிடம் நல்லது இருந்தது. நோயாளியை அரைமணி நேரம் உட்கார வைத்துப் பேசுவார். வேப்பிலை கொதித்த நீரால் புண்ணைக் கழுவுவார். அருவருப்பு இல்லாமல் தொடுவார். கெட்டதும் இருந்தது. ஒரே சவர அலகால் பலருக்குத் தோலைக் கீறி மருந்து தேய்ப்பார். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுப்பார். அது உயிரையே வாங்கிவிடும். இரண்டையும் நிறுத்த வைக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்கு ஈடாக அவர் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு வித்தை. வெளிறிய தேமலைக் கோழி இறகால் வருடிப் பார்ப்பது. உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயாக இருக்கலாம் என்று உடனே அனுப்பிவிடுவது. அவர் அனுப்பி வந்தவர்கள் பதினோரு பேர். விரல் இழக்கும் முன்பே வந்துவிட்ட பதினோரு பேர்.

மோஷியில் 1992-இல் தோல் மருத்துவத்துக்கான வட்டாரப் பயிற்சி மையம் தொடங்கிய பிறகு எங்கள் ஊருக்கு ஆப்பிரிக்காவின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்தக் கண்டத்தின் பல நாடுகளில் பத்து லட்சம் பேருக்கு ஒரு தோல் மருத்துவர் கூடக் கிடையாது. ஆகவே செவிலியரையும் உதவி மருத்துவர்களையுமே இரண்டு ஆண்டு பழக்கி அனுப்புவது என்பது ஏற்பாடு. மாலை நேரத்தில் அவர்களில் சிலர் என் மருந்தகத்துத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒருவர் தம் ஊர் உழவர்களின் கால்களைப் பற்றிச் சொன்னார். எரிமலைச் செம்மண்ணில் வெறுங்காலோடு ஆண்டுக்கணக்கில் உழுதால் மண்ணின் நுண்துகள் தோலுக்குள் ஏறி, நிணநீர் ஓட்டம் அடைபட்டு, கால் யானைக்காலாக வீங்குமாம். கொசுவும் இல்லை, கிருமியும் இல்லை. இதை விளக்கிச் சொன்னவர் எர்னஸ்ட் பிரைஸ் என்ற அறுவை மருத்துவர். ஊரார் சாபம் என்று ஒதுக்கி வைத்திருந்த மனிதருக்கு வைத்தியம் என்ன தெரியுமா? தினமும் சோப்புப் போட்டுக் கழுவுதல், துடைத்தல், களிம்பு தடவுதல், காலுறை, செருப்பு. நாளையும் அதே. அடுத்த ஆண்டும் அதே. தோலுக்கு அவசர வைத்தியம் குறைவு. பல் விளக்குவது போல, சாகும்வரை சலிக்காமல் செய்கிறவனுக்கே அது வழிவிடுகிறது.

அந்தத் திண்ணைப் பழக்கத்தில்தான் 1998-இல் கானா நாட்டின் வடக்கே தமாலே வரை போய்வந்தேன். அங்கே ஷியா மரத்தை யாரும் நடுவதில்லை; காட்டை வெட்டி வயலாக்கும்போது அதை மட்டும் வெட்டாமல் விடுகிறார்கள். காய்க்கவே பதினைந்து இருபது ஆண்டு ஆகும். உதிர்ந்த கொட்டையைப் பொறுக்கி, அவித்து, காயவைத்து, உடைத்து, வறுத்து, அரைத்து, பழுப்புக் குழம்பாகத் தொட்டியில் ஊற்றி, பெண்கள் தோள்வரை கையை விட்டு அடிக்கிறார்கள். எத்தனை நேரம் என்று கணக்கில்லை. திடீரென்று குழம்பு வெளுக்கிறது. வெண்ணெய் திரண்டு மேலே வருகிறது. தயிர் கடைந்த வீட்டில் பிறந்த எனக்கே அது வியப்பாக இருந்தது. பிறந்த குழந்தைக்கும் அதுதான், வெடித்த குதிகாலுக்கும் அதுதான். வறண்ட தோலுக்கு அதைவிட நல்ல பொருளை நான் கலக்கியதில்லை. ஆனால் படர்தாமரைக்கு அது உதவாது, ஆறாத புண்ணுக்கு உதவாது. ஒரு பொருள் ஒன்றுக்கு நல்லது என்பதாலேயே எல்லாவற்றுக்கும் நல்லதாகிவிடாது. இதை அந்தப் பெண்களிடம் சொன்னபோது, எங்களுக்குத் தெரியாதா என்பது போல் பார்த்தார்கள். தெரியாமல் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் புட்டியில் அடைத்து விற்கிறவர்கள்தான்.

மோஷிச் சந்தையில் தையல் கடை வைத்திருந்த ஒரு பெண் என் நினைவில் இன்னும் நிற்கிறாள். முகத்தில் அரிப்பு என்று வந்தாள். இரண்டு கன்னத்து எலும்பின் மேலும் நீலங்கறுப்பாக, மிளகு தூவியது போலப் புள்ளிகள். கழுத்தும் விரல் முட்டிகளும் ஒரு நிறம், முகம் வேறு நிறம். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. என்ன தடவினீர்கள் என்று கேட்டேன். தண்ணீர்தான் என்றாள். இரண்டாம் முறையும் தண்ணீர். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை. என் தங்கையைப் பற்றிச் சொன்னேன். நிறம் மட்டு என்று நான்கு வீட்டார் பலகாரம் தின்றுவிட்டு எழுந்து போனது, ஐந்தாவது முறை அவள் முகத்தில் அப்பிக்கொண்ட பவுடர் கண்ணீரில் கோடு கோடாக வழிந்தது, எல்லாம் சொன்னேன். உங்கள் நாட்டிலுமா என்று கேட்டாள். பிறகு பைக்குள் கைவிட்டு ஒரு ஜாம் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ம்கொரோகோ. கலக்கியது என்று பொருள். உள்ளே வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு குழம்பு, செண்டு மணம், அதற்குப் பின்னால் மூக்கை அரிக்கிற ஒரு காரம். ஸ்டீராய்டு களிம்பு இரண்டு குழாய், வெளுப்புக் களிம்பு ஒரு டப்பா, அரைத்த சோப்பு, இன்னும் என்னென்னவோ. வெளுப்புக் களிம்பில் இருப்பது ஹைட்ரோகுயினோன். அந்தக் காலத்தில் புகைப்படம் கழுவுகிற அறைகளில் பயன்பட்டதே, அதே பொருள். முதலில் வெளுக்கும். வெயிலில் போய்க்கொண்டே ஆண்டுக்கணக்கில் தடவினால் தோலின் உள்ளே நீலக் கறுப்புப் படியும். படிந்தது எளிதில் போகாது. 1975-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஃபிண்ட்லே என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் இதைக் கண்டு எழுதினார்கள். 1990-இல் அந்த நாடு தோல் வெளுப்புக் களிம்புகளையே தடை செய்தது.  நிறத்தை வைத்தே மனிதனைப் பங்கு போட்ட நாட்டில், அந்த ஆட்சி சாய்கிற நேரத்தில் அந்தச் சட்டம் வந்தது. ஆனாலும் புட்டிகள் எல்லை தாண்டி இன்றும் வருகின்றன. சட்டம் கடையை மூடும், கண்ணாடியை மூடாது.

ஒரே நாளில் நிறுத்தினால் முகம் பொங்கி எழும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, பயிற்சி மையத்துக்கு அனுப்பினேன். படிப்படியாகக் குறைக்க எட்டு மாதம். புள்ளிகள் முழுதும் போகவில்லை. இரண்டாம் ஆண்டு அவள் கடை வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தாள்: இங்கே ம்கொரோகோ விற்கப்படாது. அதற்கு முன்பு அவள் அதை விற்றுக்கொண்டும் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

இன்னொருவனைச் சொல்லாமல் விட முடியாது. தான்சானியாவில் ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒருவர் தோலில் நிறமி இல்லாமல் பிறக்கிறார்கள் என்பது கணக்கு. மோஷி இருப்பதோ பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை தெற்கே; அங்கே நிறமி இல்லாத தோல். வெயிலே அவர்களுக்கு எமன். இளம் வயதிலேயே தோல் புற்றுநோய். போதாததற்கு, அவர்கள் உடலுறுப்பு செல்வம் தரும் என்று நம்பி வெட்டிக் கொன்ற கொடுமையும் இந்த நூற்றாண்டிலேயே நடந்தது. அப்படி ஒரு பையனை அவன் தாய் ஏழு வயதில் கூட்டி வந்தாள். நான் என் கையாலேயே துத்தநாக ஆக்சைடு அரைத்துக் கெட்டிக் களிம்பாகக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். ஏற்கெனவே என்னைப் பேய் என்கிறார்கள், இதைப் பூசினால் சுண்ணாம்பு அடித்த பேய் என்கிறார்கள் என்றான். நான் அரைத்ததில் மணல் தட்டவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார வேண்டுமே என்பதை நான் அரைக்கவே இல்லை.

அதன் பிறகு பரந்த விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, வகுப்பில் சன்னலை விட்டுத் தள்ளி முதல் வரிசை என்று வேறு வழி தேடினோம். பல ஆண்டுகள் கழித்து, மாஃபல்டா சோட்டோ என்ற ஸ்பெயின் நாட்டு மருந்தாளுநர் முன்னின்று, கிலிசன் என்ற வெயில் களிம்பை மோஷியிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்த மக்களின் தோலுக்கும் அந்த வெயிலுக்கும் ஏற்றபடி. பையன் அப்போது பெரியவனாகிவிட்டான். தடவக் காட்டிக் கொடுக்கும்போது எல்லோரும் மறக்கிற இடம் காதின் மேல் விளிம்பு. அவனும் மறப்பான்; நான் காதைப் பிடித்துத் திருகுவேன். இப்போது அவன் பள்ளி ஆசிரியன். எப்போதாவது கைப்பேசியில் படத்தோடு கூப்பிடுவான். எடுத்த எடுப்பில் தலையைத் திருப்பிக் காதைக் காட்டிவிட்டுத்தான் வணக்கம் சொல்வான்.

2025 மே மாதம், உலக சுகாதாரப் பேரவையில் தோல் நோய்களை உலகத்தின் முதன்மைக் கவலைகளில் ஒன்றாக ஏற்றுத் தீர்மானம் போட்டார்கள் என்ற செய்தியை நான் பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் படித்தேன். ஆப்பிரிக்க நாடுகள் முன்னின்று கொண்டுவந்த தீர்மானம். படித்துக்கொண்டிருந்தபோதே என் கணுக்கால் அரித்தது. முதுமையின் வறட்சி. ஆறு வாரமாகச் சொறிந்து சொறிந்து கறுத்துக் கிடந்தது. மகன் திட்டி, ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போனான். முப்பது வயதுகூட ஆகாத பெண். என் காலைத் தூக்கித் தன் முக்காலியில் வைத்து, சன்னல் பக்கம் திருப்பினாள். விரல்களின் புறத்தால் தொட்டுப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு அடைத்தது.

"தாத்தா, இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன தடவுனீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. தேங்கா எண்ணெதான்" என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. காலை விடவும் இல்லை. சன்னலுக்கு வெளியே ஏதோ வண்டி போய் முடிகிறவரை அப்படியே காத்திருந்தாள்.

"கற்பூரமும் வேப்பெண்ணெயும் கலந்து," என்றேன். "அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் குடுத்த ஒரு களிம்பு. பேர் தெரியாது. பைலதான் வச்சிருக்கேன்."